எண்பது சொற்களில் ஒரு தேசத்தின் வழக்கு

நம் சங்க உறுப்பினர்களின் குடும்பங்களில் மகனோ மகளோ, தம்பியோ தங்கையோ அமெரிக்காவில் இல்லாத குடும்பம் குறைவு. அதனால் அந்த நாட்டுச் செய்தி இப்போது நமக்கு அயல்நாட்டுச் செய்தியாக இல்லை. துப்பாக்கி, கருக்கலைப்பு, கல்லூரிச் சேர்க்கை, குடியுரிமை என்று அங்கே நடக்கும் சச்சரவுகளைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "எதற்கெடுத்தாலும் இரண்டு கட்சிக்காரர்களும் அரசியல் சாசனம் என்றுதான் பேசுகிறார்கள். எதிரும் புதிருமான இரண்டும் எப்படி ஒரே சாசனத்தில் இருக்க முடியும்?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. பல ஆண்டுகள் பள்ளியில் குடிமையியல் நடத்தியவன் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. அதற்கு என்னால் இயன்ற விடையே இக்கட்டுரை.

சாசனம் முழுவதையும் இங்கே விளக்கப் போவதில்லை. அதன் பதினான்காம் திருத்தத்தின் முதல் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆங்கில மூலத்தில் அது இரண்டே வாக்கியங்கள். எண்ணிப் பார்த்தால் எண்பது சொற்கள். இன்று அங்கே நடக்கும் பெரிய உரிமை வழக்குகளில் பல இந்த எண்பது சொற்களுக்குள்தான் நடக்கின்றன. அவற்றில் ஒன்று, அங்கே பிறக்கும் நம் பேரக்குழந்தைகளை நேராகவே தொடுகிறது.

சுருக்கமான சாசனம், அரிதான திருத்தம்

அமெரிக்க அரசியல் சாசனம் 1787-இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்டு, 1789-இல் நடைமுறைக்கு வந்தது. ஏழு பிரிவுகள்தாம். உரிமைகளைக் கூறும் முதல் பத்துத் திருத்தங்கள் 1791-இல் சேர்ந்தன. அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மேலும் பதினேழு திருத்தங்களே நிறைவேறியுள்ளன. ஆக மொத்தம் 27. கடைசித் திருத்தம் 1992-இல் வந்தது. நம் சாசனமோ 1950-இல் தொடங்கி 2023-க்குள் 106 முறை திருத்தப்பட்டிருக்கிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு திருத்தம் நிறைவேற, காங்கிரஸ் எனப்படும் அவர்களது நாடாளுமன்றத்தின் இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு, அதாவது ஐம்பதில் முப்பத்தெட்டு மாநிலங்கள், அதை ஏற்க வேண்டும். கட்சிகள் இரண்டாகப் பிளந்து நிற்கும் நாட்டில் இது நடக்கிற காரியமா? சொற்களை மாற்ற முடியாதபோது, சொற்களின் பொருளைப் பற்றித்தான் சண்டை போட முடியும். ஆகவே சண்டை சட்டசபையை விட்டு நீதிமன்றத்துக்கு வருகிறது.

அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள். நம் நாட்டில் உச்ச நீதிமன்ற நீதிபதி 65 வயதில் ஓய்வு பெறுகிறார். அங்கே நீதிபதிக்கு ஓய்வு வயதே கிடையாது, ஆயுள் முழுவதும் பதவியில் இருக்கலாம். அவரை நியமிப்பவர் அதிபர்; ஒப்புதல் தருவது செனட். எனவே அதிபர் தேர்தலில் வாக்களிக்கும் ஒருவர், சாசனத்துக்கு யார் பொருள் சொல்வது என்பதற்கும் சேர்த்தே வாக்களிக்கிறார்.

திருக்குறளுக்குப் பதின்மர் உரை உண்டு என்பதை நாம் அறிவோம். மூலம் ஒன்றுதான், உரைகள் வேறு வேறு. நமக்குப் பிடித்த உரையை நாம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அரசியல் சாசனத்துக்கு நீதிமன்றம் சொல்லும் உரையை எல்லோரும் ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம் சேர்ந்தால் அதுவே நாட்டின் சட்டம்.

திருத்தம் பிறந்த கதை

டிரெட் ஸ்காட் என்பவர் மிசௌரி மாநிலத்தில் அடிமையாக இருந்த கறுப்பினத்தவர். அடிமை முறை இல்லாத பகுதிகளில் தம் எஜமானருடன் சில ஆண்டுகள் வாழ்ந்ததால், தாம் விடுதலை பெற்றவர் என்று 1846-இல் வழக்குத் தொடுத்தார். பதினொரு ஆண்டுகள் நடந்த வழக்கில், 1857-இல் தலைமை நீதிபதி ரோஜர் டானி தீர்ப்புக் கூறினார். ஆப்பிரிக்க வழி வந்தவர் அடிமையானாலும் விடுதலை பெற்றவரானாலும் அமெரிக்கக் குடிமகன் ஆக முடியாது; ஆகவே அந்த நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமையே அவருக்கு இல்லை என்பது தீர்ப்பு. தலைமுறை தலைமுறையாக அந்த மண்ணில் பிறந்து உழைத்த இலட்சக்கணக்கான மக்கள் ஒரே தீர்ப்பில் நாடற்றவர் ஆனார்கள்.

நான்கு ஆண்டுகளில் உள்நாட்டுப் போர் வெடித்தது. போர் முடிந்த 1865-ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் தோற்ற தென் மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. விடுதலை பெற்றவர்கள் விரும்பிய வேலைக்குப் போகவும் ஆயுதம் வைத்துக்கொள்ளவும் தடை விதிக்கும் சட்டங்களை இயற்றின. பெயர் மாறியது, அடிமைத்தனம் பின்வாசல் வழியாகத் திரும்பியது. அந்த வாசலை அடைக்கவே பதினான்காம் திருத்தம் எழுதப்பட்டு, 1868 ஜூலை 9-ஆம் நாள் ஏற்கப்பட்டது. முதல் பிரிவின் பெரும்பகுதியை எழுதியவர் ஒஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பிங்கம்.

அந்த எண்பது சொற்களின் சாரம் இதுதான்:

முதலாவது, அமெரிக்காவில் பிறந்தவர்களும் குடியுரிமை வழங்கப்பெற்றவர்களும், அந்நாட்டின் சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர்களாயின், அந்நாட்டின் குடிமக்கள்.

இரண்டாவது, குடிமக்களின் சிறப்புரிமைகளை எந்த மாநிலமும் குறைக்கக் கூடாது.

மூன்றாவது, உரிய சட்ட நடைமுறை இன்றி எந்த நபரின் உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ எந்த மாநிலமும் பறிக்கக் கூடாது.

நான்காவது, எந்த நபருக்கும் சட்டங்களின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது.

இவற்றுள் இரண்டாவதை 1873-இல் உச்ச நீதிமன்றமே ஏறக்குறையச் செயலற்றதாக ஆக்கிவிட்டது. மற்ற மூன்றும்தான் இன்றைய போர்க்களங்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் போர்க்களம்: பிறப்பால் குடிமகன்

வோங் கிம் ஆர்க் என்பவர் 1873-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர், சமையல் தொழிலாளி. சீனர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டம் 1882-இல் வந்திருந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெறவும் அவர்களுக்கு வழியில்லை. அவர் சீனாவுக்குச் சென்றுவிட்டு 1895-இல் திரும்பியபோது, "நீ சீனன்" என்று கூறித் துறைமுகத்தில் தடுத்துவிட்டார்கள். கரை இறங்க முடியாமல் மாதக்கணக்கில் கப்பல்களிலேயே அடைபட்டுக் கிடந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1898-இல் ஆறு நீதிபதிகள் அவர் பக்கமும் இருவர் எதிர்ப்பக்கமும் நின்றனர். பெற்றோர் சீனப் பேரரசரின் குடிகளாக இருந்தாலும், அமெரிக்க மண்ணில் வாழ்ந்தபோது பிறந்த மகன் அமெரிக்கக் குடிமகனே என்று தீர்ப்பாயிற்று.

இந்தத் தீர்ப்பு நம்மவர்களுக்கு எவ்வளவு பெரிய அரண் என்பதை விளங்கிக்கொள்ள, இன்னொரு வழக்கையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திண்ட் முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். அக்காலக் குடியுரிமைச் சட்டம் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வழியினருக்கும் மட்டுமே இடம் தந்தது. தாம் ஆரிய இனத்தவர், எனவே வெள்ளையர் என்பது திண்டின் வாதம். சாதாரண மக்கள் 'வெள்ளையர்' என்று யாரை நினைக்கிறார்களோ அவர்தாம் வெள்ளையர், இந்தியர் அவருள் சேரமாட்டார் என்று 1923-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூறிவிட்டது. அதன்பின், முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அதைத் திரும்பப் பறிக்க அரசு வழக்குப் போட்டது.

ஆனால் அங்கே பிறந்திருந்த குழந்தைகளின் குடியுரிமையை அந்தத் தீர்ப்புத் தொடவில்லை. குடியுரிமை பெறத் தகுதியற்றவர் நிலம் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியாவில் 1913 முதல் ஒரு சட்டம் இருந்தது. அங்கிருந்த பஞ்சாபி விவசாயிகளில் சிலர், அந்த மண்ணில் பிறந்த தம் சிறு பிள்ளைகளின் பெயரில் நிலத்தை எழுதிக்கொண்டார்கள். தந்தைக்கு இல்லாத உரிமை தொட்டில் குழந்தைக்கு இருந்தது! தந்தையின் உரிமை சாதாரணச் சட்டத்தில் இருந்தது. குழந்தையின் உரிமை சாசனத்தில் இருந்தது. சட்டத்தில் உள்ள உரிமைக்கும் சாசனத்தில் உள்ள உரிமைக்கும் என்ன வேறுபாடு என்று மாணவர்கள் கேட்டால், இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இந்தியர்கள் குடியுரிமை பெறலாம் என்ற சட்டம் 1946-இல்தான் வந்தது.

தில்லியில் லேடி இர்வின் கல்லூரியில் படித்த ஷியாமளா கோபாலன் என்ற தமிழ்ப் பெண், 1958-இல் பத்தொன்பது வயதில் மேற்படிப்புக்காகக் கலிபோர்னியா சென்றார். அவர் தந்தை மத்திய அரசுப் பணியில் இருந்தவர். பூர்வீகம் மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம். நம்மைப் போல வடக்கே வந்து வாழ்ந்த குடும்பம்தான். ஷியாமளா அங்கே ஜமைக்கா நாட்டிலிருந்து படிக்க வந்தவரை மணந்தார். 1964-இல் ஓக்லண்ட் நகரில் பிறந்த மகள் கமலா ஹாரிஸ், 2021 முதல் 2025 வரை அமெரிக்கத் துணை அதிபராக இருந்தார். 2020-இல் அவர் வேட்பாளரானபோது, வெளிநாட்டு மாணவர்களுக்குப் பிறந்தவருக்கு அந்தத் தகுதி உண்டா என்று சிலர் எழுதத்தான் செய்தார்கள். பதினான்காம் திருத்தத்தின் முதல் வாக்கியமே அதற்கு விடையாக இருந்தது.

இதன் மறுபக்கமும் நம்மவர் வீட்டிலிருந்தே வந்தது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தின் வழிவந்த விவேக் ராமசாமி, 2023-இல் அதிபர் வேட்பாளராக நிற்க முயன்றபோது, சட்டவிரோதமாகக் குடியேறியவர்களின் குழந்தைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை தரக் கூடாது என்று வாதாடினார். அவரும் இதே வாக்கியத்தைத்தான் ஆதாரமாகக் காட்டினார்.

அது எப்படி? 'சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர்களாயின்' என்று நடுவில் ஒரு நிபந்தனை இருக்கிறதல்லவா? அதற்குள்தான் இந்த வழக்கு முழுவதும் இருக்கிறது. 2025 ஜனவரி 20-ஆம் நாள் அதிபர் டிரம்ப் ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தார். தாய் சட்டவிரோதமாகவோ, மாணவர் விசா, வேலை விசா போன்ற தற்காலிக அனுமதியிலோ அங்கே இருந்து, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இல்லையென்றால், அவர்களுக்குப் பிறக்கும் குழந்தையைக் குடிமகனாக ஏற்கக் கூடாது என்பது ஆணை. எச்-1 பி விசாவில் இருவரும் வேலை செய்யும் தம்பதியர் நம்மிடையே எத்தனை பேர்! கிரீன் கார்டுக்குப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்கும் இந்தியர்கள் எத்தனை பேர்! அந்தச் செய்தி வந்த வாரத்தில் நம்மவர் வீடுகளில் இருந்த கலக்கத்தை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரசுத் தரப்பு கூறுவது: 'உட்பட்டவர்' என்றால் முழு விசுவாசம் உடையவர் என்று பொருள். தற்காலிகமாக வந்தவரின் விசுவாசம் தாய்நாட்டிடம் இருக்கிறது. வோங் கிம் ஆர்க்கின் பெற்றோர் அங்கே நிலையாகக் குடியிருந்தவர்கள். எனவே அந்தத் தீர்ப்பு அவர்களைப் போன்றோர்க்கு மட்டுமே பொருந்தும்.

எதிர்த் தரப்பு கூறுவது: 'உட்பட்டவர்' என்றால் அந்நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் என்று பொருள். தூதரின் குழந்தை, படையெடுத்து வந்த எதிரியின் குழந்தை, அக்காலத்தில் தனி ஆட்சி நடத்திய பழங்குடியினர் ஆகியோர் மட்டுமே விலக்கு. விசாவில் இருப்பவர் குற்றம் செய்தால் அமெரிக்க நீதிமன்றம்தானே தண்டிக்கிறது? வரியும் அங்கேதானே கட்டுகிறார்? அப்படியானால் அவர் உட்பட்டவர்தான்.

ஆணை வந்த மூன்றாம் நாளே சியாட்டில் நகரில் ஒரு நீதிபதி அதற்குத் தடை விதித்தார். 2025 ஜூன் மாதம் உச்ச நீதிமன்றம், ஆணை சரியா தவறா என்ற கேள்விக்குள் போகாமல், கீழ் நீதிமன்றங்கள் நாடு முழுவதற்கும் தடை விதிக்கும் அதிகாரத்தைச் சுருக்கியது. அடுத்த மாதம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், பாதிக்கப்படக்கூடிய எல்லாக் குழந்தைகளையும் ஒரு தொகுதியாகச் சேர்த்து மீண்டும் ஒரு தடை பிறந்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மூலக் கேள்வியையே விசாரணைக்கு ஏற்றது. தீர்ப்பின் முடிவைவிட, வாதம் எந்தச் சொல்லின்மேல் நிற்கிறது என்பதே இந்தப் பாடத்துக்கு வேண்டியது.

'குடிமகன்' வேறு, 'நபர்' வேறு

மேலே தந்த சாரத்தை மறுபடி படித்துப் பாருங்கள். முதல் இரண்டிலும் 'குடிமகன்' என்ற சொல் இருக்கிறது. பின் இரண்டிலும் 'நபர்' என்ற சொல்தான் இருக்கிறது. நம் பிள்ளைகள் அவசியம் அறிந்திருக்க வேண்டிய வேறுபாடு இது.

சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி பெற வேண்டும் என்று 1880-இல் ஒரு நகர விதி வந்தது. தீ விபத்தைத் தடுக்கும் விதி போலத்தான் தோன்றும். ஆனால் விண்ணப்பித்த சீனர்கள் சுமார் 200 பேருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. சீனர் அல்லாதவர் சுமார் 80 பேரில் ஒருவர் தவிர எல்லோருக்கும் கிடைத்தது. யிக் வோ என்ற கடைப்பெயரால் அறியப்படும் வழக்கில், 1886-இல் உச்ச நீதிமன்றம் கூறியது: பதினான்காம் திருத்தம் காப்பது குடிமக்களை மட்டும் அன்று, அந்த மண்ணில் நிற்கும் எந்த நபரையும் காக்கும், சட்டம் பார்வைக்குச் சமமாக இருந்தும் செயலில் ஓரவஞ்சனை இருந்தால் அது செல்லாது. இதே வழியில் 1982-இல், அனுமதியின்றிக் குடியேறியவர்களின் குழந்தைகளுக்கு டெக்சாஸ் மாநிலம் இலவசப் பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று.

விசாவில் இருப்பவருக்கு அங்கே வாக்குரிமை இல்லை. ஆனால் காரணம் கூறாமல் சிறையில் அடைக்கவோ சொத்தைப் பறிக்கவோ முடியாது. ஏனெனில் அவர் 'நபர்'.

இரண்டாம் போர்க்களம்: சுதந்திரம் என்ற சொல்

'உரிய சட்ட நடைமுறை இன்றிச் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது.' இதில் சுதந்திரம் என்றால் எவையெவை?

1791-இல் சேர்ந்த முதல் பத்துத் திருத்தங்கள் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1833-இல் ஒரு தீர்ப்பு இருந்தது. மாநில அரசு பேச்சுரிமையைப் பறித்தால் கேட்க நாதியில்லை. இருபதாம் நூற்றாண்டில் நீதிமன்றம், அந்த உரிமைகளை ஒவ்வொன்றாகப் பதினான்காம் திருத்தத்தின் 'சுதந்திரம்' என்ற சொல்லுக்குள் கொண்டுவந்து மாநிலங்களையும் கட்டுப்படுத்தியது. பிளாரிடா சிறையிலிருந்து கிளாரன்ஸ் கிடியன் என்ற ஏழை பென்சிலால் எழுதி அனுப்பிய மனுவினால்தான், 1963-இல், பெருங்குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு மாநில அரசு தன் செலவில் வக்கீல் வைத்துத் தர வேண்டும் என்ற விதி வந்தது. மறுவிசாரணையில் வக்கீலின் துணையோடு அவர் விடுதலையும் ஆனார்.

இதே வழியில்தான் துப்பாக்கி உரிமையும் மாநிலங்களுக்கு வந்தது. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் தலைநகர் வாஷிங்டன் பற்றிய வழக்கில் தீர்ப்பு வந்தது. சிகாகோ நகரத் தடையை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் முதல்வர் ஓட்டிஸ் மெக்டொனால்ட் என்ற கறுப்பின முதியவர். தம் பகுதியில் திருட்டும் வன்முறையும் பெருகியதால் கைத்துப்பாக்கி வேண்டும் என்றார். 2010-இல் அவர் வென்றார். போருக்குப் பின் கறுப்பின மக்களின் ஆயுதங்களைத் தென் மாநிலங்கள் பறித்த வரலாறே அந்தத் தீர்ப்பில் ஆதாரமாக வந்தது. துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்போர் முற்போக்காளர், வேண்டாம் என்போர் பழமைவாதிகள் என்று எளிதாகப் பிரித்துவிடுகிறோம். வரலாறு அவ்வளவு நேர்க்கோட்டில் இல்லை.

கருக்கலைப்பு வழக்கில் இதே சொல் எதிர்த்திசையில் பயணம் செய்தது. 1973-இல் ரோ வழக்கில், 'சுதந்திரம்' என்ற சொல்லுக்குள் தனிவாழ்வு உரிமை அடங்கும், அதற்குள் கருவைக் கலைக்கும் முடிவும் அடங்கும் என்று ஏழு நீதிபதிகள் கூறினர். 49 ஆண்டுகள் அது சட்டமாக இருந்தது. 2022 ஜூன் 24-ஆம் நாள் டாப்ஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அதை ரத்து செய்தனர். சாசனத்தில் வெளிப்படையாக எழுதப்படாத உரிமை, நாட்டின் வரலாற்றிலும் மரபிலும் ஆழ வேரூன்றியதாக இருந்தால்தான் ஏற்க முடியும். 1868-இல் பல மாநிலங்களில் கருக்கலைப்புக் குற்றமாக இருந்தது என்பது அவர்கள் வாதம். மாறுபட்ட மூன்று நீதிபதிகளோ, 1868-இல் பெண்களுக்கு வாக்குரிமையே இல்லையே, அந்த ஆண்டின் அளவுகோலால் இன்றைய பெண்ணின் சுதந்திரத்தை அளக்கலாமா என்று கேட்டனர்.

எழுதிய காலத்தில் என்ன பொருளோ அதுவே என்றைக்கும் பொருள் என்பது ஒரு கட்சி. சொல் நிலையானது, அதன் வீச்சு காலத்தோடு வளரும் என்பது மறு கட்சி. அங்கே நடக்கும் சாசன விவாதங்களில் பெரும்பாலானவற்றின் அடியில் இந்த இரண்டு உரைமரபுகள்தாம் இருக்கின்றன. டாப்ஸ் தீர்ப்புக்குப் பின் பிரச்சினை மாநிலங்களுக்குத் திரும்பியது. சில மாநிலங்கள் தடை விதித்தன. மிச்சிகன், கலிபோர்னியா ஆகியவை 2022-லும், ஒஹையோ 2023-லும் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் அந்த உரிமையைத் தம் மாநிலச் சாசனத்தில் எழுதிக்கொண்டன.

மூன்றாம் போர்க்களம்: சமமான பாதுகாப்பு

1896-இல், ரயிலில் வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டி இருக்கலாம், வசதி சமமாக இருந்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நீதிபதி ஹார்லன் ஒருவர் மட்டும் மாறுபட்டு, சாசனத்துக்கு நிறபேதம் தெரியாது என்ற கருத்தை எழுதினார். 58 ஆண்டுகள் கழித்து, 1954-இல் பிரவுன் வழக்கில், பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பதே சமத்துவத்துக்கு விரோதம் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். தீர்ப்பு வந்ததும் கதவு திறந்துவிடவில்லை. 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் ஒரு பள்ளிக்குள் நுழைவதற்கு அதிபர் ஐசனோவர் ராணுவத்தை அனுப்ப வேண்டியிருந்தது. சொற்கள் இருந்தன, தீர்ப்பும் இருந்தது. பள்ளி வாசலில் நின்ற கூட்டத்தை எதிர்கொண்டு நடந்தவர்கள் பிள்ளைகள்தாம்.

இப்போது 2023-க்கு வருவோம். ஹார்வர்ட், வட கரோலினா பல்கலைக்கழகங்களில் மாணவர் சேர்க்கையின்போது இனத்தையும் கணக்கில் கொள்ளும் முறையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆசிய மாணவர்களுக்கு அநியாயம் நடக்கிறது என்பது வழக்கின் ஒரு முக்கியப் பகுதி. ஆகவே நம்மவர் வீடுகளிலும் இது சூடான பேச்சாயிற்று. பெரும்பான்மை நீதிபதிகள் பிரவுன் தீர்ப்பைக் காட்டினர். மாறுபட்டவர்களும் பிரவுன் தீர்ப்பைத்தான் காட்டினர். யாரையும் நிறம் பார்த்து நடத்தாதே என்பதே சமம் என்றது ஒரு தரப்பு. நிறம் பார்த்து நூற்றாண்டுகளாகத் தாழ்த்தப்பட்டவரைத் தூக்கிவிடாமல் சமம் ஏது என்றது மறு தரப்பு.

தமிழ்நாட்டுக்கு இது புதிய வழக்கன்று. 1951-இல் சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் கூறியது. தமிழகத்தில் பெருங்கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டில் நம் சாசனத்தின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்று எழுதப்பட்டது. இங்கே சொற்களை மாற்றினோம். அங்கே சொற்களை மாற்ற வழியில்லை. நீதிபதிகள் மாறும்வரை காத்திருக்கிறார்கள்.

நம் சாசனம் எடுத்ததும் விட்டதும்

'சட்டங்களின் சமமான பாதுகாப்பு' என்ற தொடரை நம் சாசனத்தின் 14-ஆம் பிரிவில் அப்படியே காணலாம். அது அமெரிக்காவிலிருந்து வந்தது. எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் 'உரிய சட்ட நடைமுறை' என்ற தொடரை நம்மவர்கள் எடுக்கவில்லை. சாசன ஆலோசகர் பி. என். ராவ் 1947-இல் அமெரிக்கா சென்று நீதிபதி பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தபோது, அந்தத் தொடர் நீதிபதிகளுக்கு அளவுமீறிய அதிகாரம் தருகிறது என்று அவர் எச்சரித்தார். அதனால் நம் 21-ஆம் பிரிவில் 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' என்று எழுதப்பட்டது. ஆயினும் 1978-இல் மேனகா காந்தி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், அந்த நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று கூறி, விட்டுவந்த பொருளில் பெரும்பகுதியை மீண்டும் உள்ளே கொண்டுவந்துவிட்டது.

பிறப்பால் குடியுரிமை விஷயத்தில் நாம் வேறு வழியில் போனோம். நம் நாட்டில் அது சாதாரணச் சட்டத்தில் இருக்கிறது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தாலே போதும். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கவும் கூடாது. இரட்டைக் குடியுரிமையும் நம் நாட்டில் கிடையாது. அங்கே பிறந்து அமெரிக்கக் குடிமகனாக வளரும் பேரனுக்கு நாம் பெற்றுத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வாழ்நாள் விசா போன்றது. அது குடியுரிமை ஆகாது. அமெரிக்காவின் வழக்கை விமர்சிக்கும் முன் நம் நாட்டுச் சட்டம் என்ன என்பதையும் தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். எதிரும் புதிருமான இரண்டு கட்சிகளும் ஒரே சாசனத்தைக் காட்டுவது ஏன்? அவர்கள் இருவருக்கும் நிற்க வேறு இடமில்லை. அந்தச் சொற்களை எவராலும் எளிதில் மாற்ற முடியாது. ஆகவே அவற்றுக்குப் பொருள் சொல்வதிலேயே அவர்கள் அரசியல் முழுவதும் அடங்கிவிட்டது. இதில் ஒரு நன்மை உண்டு. ஒரு தேர்தலில் வென்றவர் நினைத்த மாத்திரத்தில் உரிமையை அழித்து எழுதிவிட முடியாது. ஒரு தீங்கும் உண்டு. ஐம்பது ஆண்டுகள் நம்பியிருந்த உரிமை, சொல் ஒன்றும் மாறாமலே, ஒரு நாள் காலையில் இல்லாமல் போகலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வழக்குகளில் வரும் பெயர்கள் யாருடையவை? அடிமை, சமையல்காரர், சலவைக்கடைக்காரர், சிறைக்கைதி, பள்ளிச் சிறுமியின் தந்தை. எண்பது சொற்களை எழுதியவர்கள் தலைவர்கள். அவற்றுக்கு உயிர் கொடுத்தவர்கள் இத்தகைய சாதாரண மனிதர்கள். டிரெட் ஸ்காட் தோற்றார், திண்டும் தோற்றார். ஆனால் ஸ்காட்டின் தோல்வியைத் திருத்தவே பதினான்காம் திருத்தம் எழுதப்பட்டது. திண்டின் தோல்வி 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாறியது. நம் ஊரைவிட்டு வந்து வேற்றுமொழி மாநிலத்தில் வாழும் நமக்கும், கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. வந்த இடத்தில் நமக்கு என்ன உரிமை உண்டு, அது எந்த ஏட்டில், எந்தச் சொல்லில் இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பவரை எளிதில் மிரட்ட முடியாது.

இளைஞர்கள் சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஓர் உரிமை சாதாரணச் சட்டத்தில் இருப்பதற்கும் சாசனத்தில் இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டைத் திண்ட் வழக்கைக் கொண்டு விளக்குக.

2. 'குடிமகன்', 'நபர்' ஆகிய சொற்களை நம் இந்தியச் சாசனத்தின் 14, 19, 21 ஆகிய பிரிவுகளில் தேடிப் பாருங்கள். எந்த உரிமை யாருக்கு?

3. சாசனத்தைத் திருத்துவது எளிதாக இருப்பது நல்லதா, கடினமாக இருப்பது நல்லதா? இரு பக்கத்துக்கும் இரண்டு காரணங்கள் கூறுக.

4. 'சட்ட அதிகாரத்துக்கு உட்பட்டவர்' என்ற தொடருக்கு இரு தரப்பும் கூறும் பொருளில் உங்களுக்கு எது சரியெனப் படுகிறது? ஏன்?

வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். அமெரிக்காவிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் பிள்ளைகளிடமும் நான்காம் கேள்வியைக் கேளுங்கள். அங்கே வாழ்கிறவர்கள் என்ன விடை தருகிறார்கள் என்று அறிய நானும் ஆவலாக இருக்கிறேன்.